ஊருக்குள்ளேயே ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

புறநகர் ஊர்களில் படம் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவை. எனவே இந்த மாதப் பக்கத்தை அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பணி மாற்றத்தால் செங்கல்பட்டுக்குக் குடிவந்தேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதனுடன் வந்த 18–55 லென்ஸும் வைத்திருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் மாமல்லபுரத்துக்கோ சென்னைக்கோதான் கிளம்புகிறேன். இந்த ஊரில் படம் எடுக்கத் தகுந்த இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்கே, எப்படித் தேடுவது?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: மாமல்லபுரத்தில் எங்கே நிற்பது என்ற கேள்விக்குப் பல்லவச் சிற்பிகளே பாதி விடை சொல்லிவிடுகிறார்கள். புறநகர் ஊரில் அந்த விடையை நாமே தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் குடியிருப்பது அப்படித் தேடுகிறவருக்கு மிகவும் கொடுத்துவைத்த ஊர் என்பது என் உறுதியான எண்ணம். ஏரி, ஆறு, கோட்டை, பாறையைக் குடைந்து அமைத்த குடைவரை, ரயில் சந்திப்பு ஆகிய ஐந்தும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த புறநகர் ஊர் சென்னையைச் சுற்றி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கொளவாய் ஏரியிலிருந்து தொடங்குங்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் பரனூரைத் தாண்டியதும் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்துவது இந்த ஏரிக்காகத்தான். தினமும் ஜன்னல் வழியே பார்த்துப் பழகியதாலேயே அதன் கரையில் இறங்கி நடந்தவர்கள் குறைவு. முதல் முறை போகும்போது கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, கரையில் நடக்க முடிந்த தூரம் வரை நடந்து, சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது, எங்கே நின்றால் கரண்ட் கம்பிகள் குறுக்கே வராது, எந்த இடத்தில் நீர் கரையோடு அலையின்றித் தேங்கி நிற்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு வாருங்கள். காற்று எழுவதற்கு முந்தைய விடியற்காலையில்தான் நீரில் பிம்பம் குலையாமல் கிடைக்கும். வெயில் ஏற ஏற மேற்பரப்பில் சிற்றலைகள் எழுந்து அது கலைந்துவிடும்.

உங்கள் லென்ஸ் பறவையை அருகில் காட்டாது என்று வருந்த வேண்டியதில்லை. நீரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் பட்ட மரக்கிளையில் அமர்ந்து, நனைந்த சிறகுகளை இருபுறமும் விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும் நீர்க்காகம், பல நிமிடங்கள் அந்த நிலை மாறாமல் இருக்கும். சிறகின் ஓரத்து இறகுகள் தனித்தனியே பிரிந்து நிற்க, அவற்றின் நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதைச் சட்டகத்தின் ஒரு மூலையில் சிறிய கறுப்பு உருவமாக வைத்து, மீதியிடம் முழுவதையும் நீருக்கும் வானுக்கும் விட்டுவிட்டால், பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் எடுக்கத் தவறும் படம் உங்களுக்குக் கிடைக்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்து எடுங்கள். பறவை கறுத்துப்போவதுதான் அங்கே அழகு.

அடுத்தது பாலாறு. ஊரைத் தாண்டித் தெற்கே மாமண்டூர் பக்கம் போனால் ஆற்றின் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலமும் ரயில் பாலமும் இருக்கின்றன. ஆறு பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், காலையில் சூரியன் ஆறு போகும் திசையிலும் மாலையில் ஆறு வரும் திசையிலும் இருக்கும்; ஆக இரு வேளையும் வெளிச்சம் ஆற்றின் போக்கை ஒட்டியே விழும். ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணல்தான் தெரியும் என்றாலும், சாய்ந்த வெயிலில் அந்த மணலின் ஒவ்வொரு வரிக்கும் தனி நிழல் விழுவதை நேரில் பார்த்தவர்கள் தண்ணீர் இல்லையே என்று குறைபட மாட்டார்கள். 2021 நவம்பரில் இதே ஆற்றில் கரைகொள்ளாத வெள்ளம் போனது. வறண்ட மணலையும் வெள்ளத்தையும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வைக்கிறவரின் படங்கள் பிற்காலத்தில் ஊருக்கே ஆவணமாகும். இரண்டு எச்சரிக்கைகள்: நெடுஞ்சாலைப் பாலத்தின் மீது வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், கரை வழியாக இறங்கிப் போங்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கும் நாள்களில் மணல் எடுத்த பள்ளங்கள் வெளியே தெரியாது. ஆகவே உள்ளே காலை வைக்காதீர்கள்.

கோட்டையைப் பலர் கோட்டை என்றே அறியாமல் கடந்து போகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசர் காலத்தில் எழுந்தது. 1751-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், மறு ஆண்டே ராபர்ட் கிளைவால் மீட்கப்பட்டது. ஒரு பக்கம் ஏரியும் சுற்றிலும் சதுப்பு நிலமும் இருந்ததே அதற்குப் பெரிய பாதுகாப்பு. பிற்காலத்தில் இருப்புப்பாதையை அதன் ஊடாகவே போட்டுவிட்டார்கள். கம்பீரமான மதில்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எஞ்சிய கற்களும், அவற்றின் இடுக்கில் வேர்விட்ட செடிகளும், அருகே விரைந்து போகும் ரயிலும் ஒரே சட்டகத்தில் அமையும் கோணத்தைத் தேடுங்கள். அரசு அலுவலகங்கள் உள்ள பகுதியில் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தூரத்தில் வல்லம் குன்றில் மூன்று குடைவரைகள் உள்ளன. அவற்றில் பெரியதை, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு அடங்கிய குறுநில மன்னரான வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்தான் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதாவது, 7-ஆம் நூற்றாண்டின் கல் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டையாகவும் செதுக்கிய அக்காலத் தூண்களை, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் வேளையில் பாருங்கள். ஒரு பட்டை வெளுத்தும் அடுத்த பட்டை பாதி நிழலிலும் அதற்கடுத்தது முழு இருளிலுமாகத் தெரியும்போது, உளி எங்கே திரும்பியது என்பதுகூட விளங்கும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் இவையெல்லாம் ஒரே தட்டையாகிவிடும்.

வேறு ஊர்க்காரர்களும் இதே முறையில் தேடலாம். வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து, நீர்நிலை, பாலம், குன்று, பழைய தெருக்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது காலால் நடந்து பாருங்கள். அதன்பின் இரண்டே இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போங்கள். மே மாதத்து ஏரியும் டிசம்பர் மாதத்து ஏரியும் வேறு வேறு இடங்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

கேள்வி: எனக்கு இரவுப் பணி. விடியற்காலையில் எழுந்து போவது இயலாத காரியம். காலை எட்டு மணிக்கு மேல் எடுக்கும் படங்கள் எல்லாம் வெளிறிப் போகின்றன. மாலையைத் தவிர வேறு வழி உண்டா?
— வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 பாகையில் இருப்பதால், சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாகவே மேலேறுகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் இதமான ஒளியை, குளிர்நாட்டுப் படக்காரர்கள் தங்க வேளை என்று மணிக்கணக்கில் அனுபவிப்பது நமக்கு அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்து, நட்டுவைத்த கம்பின் நிழல்கூடக் காலடியில் ஒடுங்கிவிடும். அந்த மாதங்களில் வெளிநிலக் காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் எடுக்க முயல்வது வீண் என்றே சொல்வேன். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், எட்டு மணிக்கும் ஒளி ஓரளவு பதமாகவே இருக்கும். மார்கழிப் பனியும் துணை செய்யும்.

மற்ற மாதங்களில் வெயிலைத் தேடாமல் நிழலுக்குள் போய்விடுங்கள். காய்கறிச் சந்தையில் தலைக்கு மேல் கட்டியிருக்கும் தார்ப்பாய்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விளக்கு. நீலத் தார்ப்பாய் முகங்களுக்கு நீல நிறம் ஏற்றிவிடும் என்பதால் வெள்ளை அல்லது மஞ்சள் பாய் கட்டிய கடைகளாகப் பாருங்கள். கீரைக்காரர் ஒரு கையால் சொம்பைச் சாய்த்து, மறு கையின் விரல்களால் கட்டுகள் மீது தண்ணீர் தெளிக்கும்போது, இரண்டு பாய்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் புகுந்த வெயில் பின்புறமிருந்து அந்தத் துளிகள் மீது படும். அரைக்கீரையின் தண்டுகள் சிவந்து ஒளிர, பின்னணி இருட்டாக இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அளவுக்கு வைத்தால் துளிகள் முத்தாக நிற்கும்; 1/60 என்றால் கோடுகளாக இழுபடும். இரண்டையும் எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது கோடுகள்தான். எடுத்த படத்தை அவரிடம் காட்டிவிட்டு, ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் மூடியிருக்கும் நாள்களை வீணாக்காதீர்கள். நாள் முழுவதும் மென்மையான ஒளி கிடைப்பது அப்போதுதான். இரவுப் பணிக்காரருக்கு அது மிகவும் ஏற்றது.

கேள்வி: செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் படம் எடுக்கலாமா? தண்டவாளத்தில் நின்று எடுத்த படங்களைப் பலரும் வெளியிடுகிறார்களே?
— கல்லூரி மாணவர், மறைமலைநகர்

பதில்: முதலில் தண்டவாளம். அதில் இறங்குவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: மின்சார ரயில் எதிர்பார்ப்பதைவிட வேகமாகவும் குறைந்த சத்தத்துடனும் வரும், கேமராவுக்குள் கண் வைத்திருப்பவருக்கு அது கேட்காது. அந்த மாதிரிப் படங்களைப் பார்த்து ஆசைப்படவே வேண்டாம்.

நடைமேடையிலிருந்து எடுப்பதற்கு, பயணச்சீட்டோ நடைமேடைச் சீட்டோ கையில் வைத்துக்கொண்டு, நிலைய மேலாளர் அறைக்குப் போய் நோக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். வணிக நோக்கம் என்றால் ரயில்வேயின் முன் அனுமதியும் கட்டணமும் கட்டாயம். ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) விரிக்காதீர்கள், வரும் ரயிலை நோக்கி ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. விழுப்புரம் நோக்கிப் போகும் பாதையும் காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையும் பிரியும் சந்திப்பு இது. ஆகவே மக்கள் நடமாட்டத்துக்குக் குறைவே இல்லை. மாலையில் வேலை முடிந்து வருவோரின் கூட்டத்தில், நின்று பேசும் இருவரைக் குறிவைத்து 1/8 வேகத்தில் எடுத்தால், சுற்றியுள்ளோர் எல்லாம் கலங்கிய வண்ணங்களாக ஓட, அந்த இருவர் மட்டும் தெளிவாக நிற்பார்கள். கேமராவைத் தூணில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் கை நடுக்கம் தெரியாது.

கேள்வி: எனக்கு ஏரிக்கரையில் விடியற்காலைப் படங்கள் எடுக்க ஆசை. ஆனால் பெண் தனியாகக் கேமராவுடன் போனால் பார்க்கிறவர்களின் பார்வையே ஒரு மாதிரி இருக்கிறது. வீட்டிலும் விடமாட்டேன் என்கிறார்கள்.
— வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. ‘துணிந்து போங்கள்’ என்று எழுதிவிட்டு நான் வீட்டில் பத்திரமாக இருப்பது முறையாகாது. ஆள் அரவமில்லாத கரைக்குத் தனியே போவதைத் தவிருங்கள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நிறைந்திருக்கும் வேளையையும் பகுதியையும் முதலில் கண்டறியுங்கள். தோழியோ தங்கையோ கூட வந்தால் நல்லது. அவரும் படம் எடுப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காத்திருக்கும் பொழுது அவருக்கு அலுக்காது. ஒரே இடத்துக்கு அடிக்கடி போகும்போது, அங்குள்ள டீக்கடைக்காரருக்கும் மீன் பிடிப்பவருக்கும் நீங்கள் பழகிய முகமாகிவிடுவீர்கள். முதல் நாளே அவர்களிடம், ‘அண்ணே, ஏரியைப் படம் எடுக்க வந்திருக்கேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பார்வை பெரும்பாலும் மாறிவிடுகிறது. எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டாருக்குக் கைபேசியில் தெரியும்படி பகிர்ந்துவையுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் 112 என்ற அவசர எண்ணையும் நினைவில் வையுங்கள்.

ஏரிக்கரையில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள் இருக்கும் பக்கம் யாருமே கேமராவைத் திருப்பக்கூடாது. இதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆண்களுக்கே முக்கியமாகச் சொல்கிறேன். குழந்தைகளை எடுப்பதானால் உடனிருக்கும் பெரியவர்களிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் சன்னதி இருக்கிறது. பெருமாளை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வாசல் தெளித்துக் கோலம் போடும் காலை வேளை, வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான களம்.

கேள்வி: கோயிலுக்குள் கைபேசியில் படம் எடுக்கத் தடை என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: உண்மைதான். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வழிபடுவோரின் அமைதியைக் கருதினால் இந்தக் கட்டுப்பாடு எனக்கு வருத்தம் தரவில்லை. உங்கள் ஊரில் கோயிலுக்கு வெளியே இருப்பதே ஓர் ஆயுளுக்குப் போதும்: அடிவாரத்திலிருந்து வேதகிரி மலையும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறப்பதாகச் சொல்லப்படும் சங்கு தீர்த்தக் குளமும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம். ட்ரைபாட் வைக்க மட்டும் அத்துறையின் அனுமதி வேண்டும்.

கேள்வி: ஏரியை மேலிருந்து எடுக்க ட்ரோன் வாங்கலாமா?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். இதே மாவட்டத்தில்தான் தாம்பரம் விமானப்படைத் தளமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்குப் தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் பழைய 70–300 லென்ஸ் ஒன்றை வாங்குவதே பயன் தரும். ட்ரோனின் இரைச்சலில் ஏரிப் பறவைகள் கூட்டமாக எழுந்து போய்விடுகின்றன.

கேள்வி: வேடந்தாங்கலில் எடுப்பது போன்ற பறவைப் படங்களை எங்கள் ஊர்ச் சிறிய ஏரியிலும் எடுக்க முடியுமா? நல்ல இடம் கிடைத்தால் அதை எல்லோருக்கும் சொல்லலாமா?
— ஆசிரியை, மதுராந்தகம்

பதில்: தாராளமாக முடியும். வேடந்தாங்கல் தனித்து மிதக்கும் தீவு அன்று. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் சங்குவளை நாரையும் அரிவாள் மூக்கனும் இரை தேடிப் போவது சுற்றியுள்ள வயல்களுக்கும் உங்களுடையதைப் போன்ற ஏரிகளுக்கும்தான். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து அவற்றைக் காத்துவந்தவர்கள் அவ்வூர் விவசாயிகளே. அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்க உத்தரவு எழுதிக் கொடுத்தார். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயமும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நவம்பர் முதல் மார்ச் வரை, அறுவடைக்குச் சற்று முன்னும் பின்னும், உங்கள் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் குந்தி அமர்ந்து காத்திருங்கள். பறவையின் கண் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தினால், பின்னணியில் உள்ள குப்பையும் கட்டடங்களும் மங்கி ஒரே நிறமாகிவிடும்.

இடத்தைச் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏரியின் பெயரையும் நல்ல வேளையையும் உங்கள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் மனமாரச் சொல்லுங்கள். நாலு பேர் நேசித்துப் பார்க்கத் தொடங்கினால்தான் அந்த ஏரியில் குப்பை கொட்டுபவரைத் தட்டிக் கேட்க ஆள் கிடைக்கும். கூடு இருக்கும் மரத்தை மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாம். பெற்றோர் பறவை பலமுறை விரட்டப்பட்டால், குஞ்சுகள் வெயிலில் வாடியோ காக்கைக்கு இரையாகியோ போகும். கைபேசி படத்துடன் இருப்பிடத்தையும் சேர்த்தே பதிந்துவிடுவதால், கேமரா அமைப்பில் அதை நிறுத்திவிட்டு எடுங்கள்; ஏற்கெனவே எடுத்தவற்றில் அந்தத் தகவலை நீக்கிய பிறகு அனுப்புங்கள்.